அடுப்பின் வாய்ப்பக்கம்

வில்யாண்டி, 9 நவம்பர் 1974

மதிப்பிற்குரிய மீத்தா அவர்களுக்கு,

கீழ்க்கண்ட விவரத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். என் அறையில் உள்ள அடுப்புச் சுவரின் சூடு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு 31 டிகிரி. புதன் 29. வியாழன் 33. நேற்று வெறும் 28. வெளியே உறைநிலைக்குக் கீழே ஆறு. வெப்பமானி சரியில்லை என்று தாங்கள் சொல்ல முடியாது. வானிலை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக இதையே தொழிலாகச் செய்கிறேன்.

விவாகரத்தின்போது நீதிமன்றம் வீட்டை இரண்டாகப் பிரித்துக் கொடுத்த தாளைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விறகு கொண்டுவந்து, பிளந்து, கொட்டகையில் அடுக்குவது எவால்ட். அடுப்பு மூட்டுவது மீத்தா. பதினோரு வருடத்தில் என் பங்கில் நான் ஒரு கட்டைகூடக் குறைவைத்ததில்லை. ஆனால் இரண்டு அறைக்கும் நடுவே கட்டிய கணப்பு அடுப்பின் இரும்புக் கதவு தங்கள் அறையில் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது அதன் முதுகுச் சுவர் மட்டும். கையில் தீப்பெட்டி இருந்தும் மூட்ட இடமில்லாதவன் நான். நெருப்பு இருக்கும் பக்கம்தான் வேண்டும் என்று நீதிபதியிடம் முதலில் கேட்டு வாங்கிக்கொண்டது யார் என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை.

இன்னொன்று. வியாழன் மாலை தங்கள் பக்கத்தில் ஆப்பிள் சுட்டிருக்கிறீர்கள். வாசனை என் பக்கம் முழுக்க வந்தது. வாசனை வந்த அளவுக்குச் சூடு வரவில்லை.

வழக்கம்போல இதை இரு அறைக்கும் திறக்கும் அடுப்பு மாடத்தில், என் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
எவால்ட் கூக்

*

10 நவம்பர்

எவால்ட்,

'அவர்களுக்கு', 'தங்கள்', 'தாங்கள்'. அடடா, என்ன மரியாதை! ஒன்பது வருஷம் ஒரே படுக்கையில படுத்தவளுக்கு எழுதுற எழுத்தா இது? எனக்கு நீ நீதான். மரியாதை வேணும்னா உன் ஆபீஸ்ல போய் வாங்கிக்கோ.

சுவரு ஏன் ஆறிப்போச்சுன்னு கேக்குற. உன் விறகைப் போய்க் கேளு. கொட்டகையில முன் வரிசையில அடுக்கி வெச்சிருக்கியே, அந்த பிர்ச் கட்டை எல்லாம் பச்சை. போட்டா முனையில நுரை கக்குது, சீறுது, எரிய மாட்டேங்குது. போன வருஷத்து விறகு பின்னாடி இருக்கு. அதை முன்னாடி எடுத்து வைக்கணும்னு தோணல. மேகத்தை எண்ணத் தெரியும், விறகைத் தட்டிப் பாக்கத் தெரியாது. காஞ்ச கட்டை ரெண்டைத் தட்டினா கணீர்னு கேக்கும். உன்னுது தொப்புன்னு விழுது.

நான் நாள் பூரா தையல் நிலையத்துல கோட்டுக்கு உள்துணி தெச்சுட்டு வரேன். வந்து கோட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி சாம்பல் அள்ளுறேன், விறகு சுமக்குறேன், மண்டி போட்டு ஊதுறேன். மகராசன் நீ முதுகைச் சுவத்துல சாய்ச்சுக்கிட்டு தெர்மாமீட்டர் பாக்குற. அந்த பாட்டுக்குழுக்காரி, ஆல்டோ குரல்காரி, அவகிட்டயும் இப்படித்தான் டிகிரி சொல்லிக்கிட்டு இருந்தியா? அதான் ஒரே கோடையில சலிச்சுப்போய்த் தன் புருஷன்கிட்டயே ஓடிட்டா போல.

அதைக் கிளறக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீதான் நீதிபதியை இழுத்த.

இன்னொண்ணு. கோர்ட்டு வராந்தாவுல, "இனி உன் குரல் என் காதுல விழக்கூடாது"ன்னு நான் சொன்னேன். ஆத்திரத்துல சொன்னது. நீ அதைச் சட்டமாவே எடுத்துக்கிட்ட. வாசல்ல நேருக்கு நேர் வந்தாலும் தொப்பியைத் தொடுறதோட சரி. ஒரே கூரைக்குக் கீழ பதினோரு வருஷமா உன் இருமல் மட்டும்தான் எனக்குக் கேக்குது. பரவாயில்ல, நான் சொன்ன ஒண்ணையாவது கேட்டியே.

ஆப்பிள் ரெண்டு மாடத்துல இருக்கு. தட்டைக் கழுவித் திருப்பி வை.

மீத்தா

*

11 நவம்பர்

மதிப்பிற்குரிய மீத்தா அவர்களுக்கு,

தட்டு கழுவி வைக்கப்பட்டுள்ளது. பழைய விறகு முன்னால் எடுத்து அடுக்கப்பட்டுள்ளது. இன்று 41 டிகிரி.

ஆப்பிள் நன்றாக இருந்தது.

எவால்ட்

*

2 டிசம்பர்

எவால்ட்,

விஷயத்தை நேரா சொல்லிடுறேன். சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது.

இன்னைக்கு குடியிருப்பு அலுவலகத்துலேருந்து காகிதம் வந்துச்சு. ஒன்பது வருஷமா வரிசையில இருந்தேன் இல்லையா, என் பேரு வந்திருக்கு. ரயிலடிக்குப் பின்னாடி புதுசா கட்டுறாங்களே, அந்த அஞ்சு மாடி வீட்டுல மூணாவது மாடி. ஒரு ரூம், சமையலறை, குளியலறை. குளியலறை உள்ளயே! சுவரோரமா இரும்புக் குழாய்ல சுடுதண்ணி ஓடுமாம். விறகு கிடையாது, சாம்பல் கிடையாது. நீ தூங்கினாலும் முழிச்சாலும் அது பாட்டுக்குச் சுடும்.

ஜனவரி முப்பத்தொண்ணுக்குள்ள கையெழுத்துப் போட்டுத் தரணும். போடலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். சாவி மார்ச்சுல.

உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு. சொல்லிட்டேன்.

மீத்தா

*

3 டிசம்பர்

மதிப்பிற்குரிய மீத்தா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வாழ்த்துகள்.

சில விவரங்கள் தெரிந்தால் உதவியாக இருக்கும். தாங்கள் காலி செய்த பிறகு அந்த அறையில் யாரை வைப்பார்கள் என்று அலுவலகம் ஏதாவது சொன்னதா? வருகிறவர்கள் மாலையில் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள்? அவர்களுக்கு மூட்டத் தெரியுமா? மார்ச் மாதத்திலும் இரவில் உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்கும் என்பதால் கேட்கிறேன்.

எவால்ட் கூக்

*

4 டிசம்பர்

நான் போறேன்னு எழுதினேன். நீ அடுப்பு என்ன ஆகும்னு கேக்குற.

நல்லது. இதுவும் ஒரு பதில்தான்.

மீ.

*

7 ஜனவரி 1975

எவால்ட்,

ஒரு மாசமா மாடத்துல ஒண்ணும் வைக்கலை. உனக்கும் எழுத ஒண்ணும் இல்லை போல. கிறிஸ்துமஸ் அன்னைக்கு ரத்தத் தொத்திறைச்சி வெச்சேன், தட்டு கழுவி வந்துச்சு. அவ்வளவுதான்.

இப்போ வேற வழியில்லாம எழுதுறேன். பித்தப்பையில கல்லாம். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில சேரணும். அறுத்து எடுத்துட்டு மூணு வாரம் வெச்சிருப்பாங்களாம். பயப்படாதே. நீ பயப்பட மாட்டே, தெரியும். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சாவி இந்தக் கடிதத்தோட இருக்கு. என் ரூமுக்குள்ள வந்து நீதான் மூட்டணும். ஜெரேனியம் செடி நாலு தொட்டி இருக்கு, தரைக்கடியில உருளைக்கிழங்கு இருக்கு, ரெண்டும் உறைஞ்சுடக் கூடாது. அதுக்காகத்தான் சாவி. வேற எதுக்கும்னு நினைச்சுக்காதே.

கவனமாப் படி. முதல்ல மேல இருக்கிற புகைத் தகடைத் திற. தகடு ஒண்ணு இல்ல, ரெண்டு. ரெண்டையும் முழுசா இழுக்கணும். அப்புறம் சாம்பலை அள்ளு; நேத்துச் சாம்பலுக்கு அடியில கங்கு இருக்கும், கையை விடாதே. பிர்ச் பட்டை ஒரு பிடி, அதுமேல சிராய், அதுமேல மெல்லிசாப் பிளந்த கட்டை மூணு. காத்து போற மாதிரி அடுக்கணும், உன் சட்டைப்பெட்டி மாதிரி அடைச்சு அடுக்காதே. நல்லாப் பிடிச்ச பிறகுதான் பெரிய கட்டை. எல்லாம் எரிஞ்சு கங்கா ஆனதும் கிளறிப் பாரு. ஒரு மூலையில நீல நாக்கு ஒண்ணு ஆடினாலும் தகடை மூடக் கூடாது. சூடு போகுதேன்னு பரபரப்பே, எனக்குத் தெரியும். அந்த நீலம்தான் மனுஷனைத் தூக்கத்துலேயே கொண்டுபோறது. அது செத்துப்போற வரைக்கும் முக்காலி போட்டு உக்காந்திரு. அது அடங்க ஒரு மணி நேரம் ஆகும்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் பதினோரு வருஷமா உக்காந்திருக்கேன். நீயும் உக்காந்து பாரு.

மீத்தா

*

9 ஜனவரி

மீத்தா அவர்களுக்கு,

அறிக்கை. தகடு இரண்டு என்பதைப் படித்தேன். ஒன்றை இழுத்தேன். அது மிக எளிதாக வந்ததால் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு தவறு.

மூன்று நிமிடத்தில் தங்கள் அறையில் எதிர்ச்சுவர் தெரியவில்லை. மேல்மாடி லெயோன்தீனே அம்மாள் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். நான் தடுப்பதற்குள் பாதியை அடுப்பிலும் பாதியை என் மேலும் ஊற்றிவிட்டார். "மீத்தா அப்படி வீட்டை விட்டு நகர்ந்ததும் நீங்க கொளுத்திட்டீங்களா?" என்று கேட்டார். ஜன்னல்களைத் திறந்து புகை போகும்வரை இருவரும் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றோம். அந்த நேரம் முழுதும் தன் முதல் கணவர் எப்படி அடுப்பு மூட்டுவார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை பற்றிக்கொண்டது. புருவத்தில் கொஞ்சம் போயிற்று. செடிகள் நலம்.

இன்று தங்களுக்கு அறுவை என்று ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நல்லபடியாக முடிந்தது என்று செவிலி சொன்னார். குருதிநெல்லிச் சாறு ஒரு போத்தல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எவால்ட்

*

ஆஸ்பத்திரி, 13 ஜனவரி

எவால்ட்,

பாவி மனுஷா, தையல் போட்ட வயித்தோட ஒருத்திக்கு எழுதுற கடிதமா அது? சிரிச்சுச் சிரிச்சு வலி தாங்காம மணி அடிச்சுட்டேன். நர்ஸ் வந்து கடிதத்தைப் பிடுங்கிட்டா. அப்புறம் அவளும் படிச்சுட்டுச் சிரிச்சா. தையல் பிரிஞ்சா பழி உன்மேலதான்.

"நான் முடிவு செய்தேன். அந்த முடிவு தவறு." இந்த ரெண்டு வரியை உன் கையெழுத்துல பாக்க நான் உயிரோட இருந்தேனே, அதுபோதும்.

இங்க ரூம்ல நாங்க அஞ்சு பேர். சாயந்திரம் நாலு மணி ஆனா எல்லார் புருஷனும் கீழ முற்றத்துல, பனியில வந்து நின்னு மேல பாத்துக் கத்துவாங்க. "சாப்பிட்டியா? ராத்திரி தூங்கினியா?" இவளுங்க ஜன்னல்ல நின்னு தலையாட்டுவாளுங்க. நேத்து அவங்களுக்குப் பின்னாடி வேலியோரமா ஒரு சாம்பல் நிறத் தொப்பி தெரிஞ்சுது. மேல பாத்துச்சு, ஒண்ணும் கத்தலை, போயிடுச்சு. பக்கத்துப் படுக்கைக்காரி, "அது யாரோட ஆளு, ஊமையா?"ன்னு கேட்டா. "தெரியலை"ன்னுட்டேன்.

சாறு நல்லா இருந்துச்சு. சர்க்கரை கொஞ்சம் கம்மி.

மீத்தா

*

17 ஜனவரி

மீத்தா,

இதை நாலாவது முறையாக எழுதுகிறேன். முதல் மூன்றிலும் 'தாங்கள்' என்று ஆரம்பித்தேன். இதில் எழுத வேண்டியதை அந்தச் சொல்லோடு எழுத முடியவில்லை.

புகை வந்ததால் புகைபோக்கியில் கரி துடைக்கும் ஆகுஸ்டை அழைத்திருந்தேன். நேற்று வருவதாகச் சொன்னார். அவருக்காக உன் அறையிலேயே காத்திருந்தேன். மாலை முழுக்க அடுப்பு எரிந்து முடிந்து, தகடும் மூடியாகிவிட்டது. ஆனாலும் எனக்குக் குளிர்ந்தது. கோட்டைக் கழற்ற முடியவில்லை. இது என்னடா என்று என் பக்கத்திலிருந்து வெப்பமானியை எடுத்துவந்தேன். என் சுவரில் 52 டிகிரி. உன் பக்கத்தில் இரும்புக் கதவைச் சுற்றி ஒரு முழம் மட்டும் சூடு. அதற்கப்பால் அடுப்பின் முகம் 24. அறை 13.

மீத்தா, பதின்மூன்று. அடுப்பு எரிந்து முடித்த பிறகு.

அப்போதுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. ஒரு வாரமாக வந்து போகிறேன், பார்க்கவில்லை. வடக்கு மூலைச் சுவரின் உள்பக்கம் வெள்ளையாக உறைபனி. படுக்கையில் நான்கு போர்வை, அதற்கு மேல் உன் குளிர்காலக் கோட்டு. கட்டிலுக்குக் கீழே கம்பளிக் காலணி. தையல் மேசையில் விரல்நுனி வெட்டிய கையுறை.

ஆகுஸ்ட் வந்தார். நான் கேட்டேன், இந்த அடுப்பில் ஏதாவது பழுதா என்று. அவர் சிரித்தார். "பழுது ஒண்ணும் இல்லைங்க. இதைக் கட்டினவன் இப்படித்தான் கட்டினான். வாய் இந்தப் பக்கம், வயிறு அந்தப் பக்கம். புகைவழி நாலும் உங்க சுவத்துக்குள்ளதான் ஏறி இறங்குது. நடுக்கதவு திறந்திருந்த வரைக்கும் சூடு வீடு பூரா சுத்தி வந்துச்சு. கதவை ஆணி அடிச்சு மூடினதுலேருந்து எல்லாம் உங்களுக்குத்தான்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "அந்தம்மாவுக்குத் தெரியுமே. கோர்ட்டுக்குப் போறதுக்கு முதல் வாரம் என்னைக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் அதிகமா சுடும்னு கேட்டாங்க. நான்தான் சொன்னேன்" என்றார்.

நீ தெரிந்தேதான் இந்தப் பக்கத்தைக் கேட்டிருக்கிறாய். நான் அந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்துகொண்டு, பார், நெருப்பையும் பிடுங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். பதினோரு குளிர்காலம் அதையே நினைத்தேன். போன நவம்பரில்கூட எழுதினேன். வெப்பமானியை ஒருநாள்கூட உன் பக்கம் மாட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஏன் அப்படிச் செய்தாய்? ஏன் சொல்லவில்லை?

எவால்ட்

*

21 ஜனவரி

எவால்ட்,

அந்த ஆகுஸ்டுக்கு வாயில பூட்டுப் போடணும். புகைபோக்கியில தலையை விடுறவன், மத்தவங்க விஷயத்துல எதுக்கு விடுறான்?

சரி, கேட்டுட்ட. சொல்றேன். நாம பிரிஞ்ச வருஷம் வசந்தத்துல உனக்கு ரெண்டு தடவை நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சு. மறந்திருப்ப. நான் மறக்கலை, நான்தான் முதுகைத் தேய்ச்சு விட்டவ. குளிர் ரூம்ல இன்னொரு குளிர்காலம் படுத்தா ஆளு தேறமாட்டார்னு டாக்டர் என்கிட்ட தனியாச் சொன்னாரு. அது மே மாசம். ஜூலையில நீ அந்த ஆல்டோவோட ஏரிக்கரையில கைகோத்துக்கிட்டுப் போனதை ஊரே பாத்துச்சு.

எனக்கு உன்னைக் கொல்லணும்னு இருந்துச்சு. நிஜமாத்தான். ஆனா குளிர்ல கொல்லணும்னு இல்லை.

வயிறு இருக்கிற பக்கத்தை உனக்குக் குடுங்கன்னு நான் வெளிப்படையாக் கேட்டிருந்தா, நீ என்ன பண்ணியிருப்ப? வேண்டாம்னு ரோஷப்பட்டிருப்ப. இல்லைன்னா நன்றி சொல்லியிருப்ப. எனக்கு உன் நன்றி வேண்டாம். வேண்டியது வேற ஒண்ணு. அது பதினோரு வருஷமா வரலை. டிகிரிதான் வந்துச்சு.

இதைத் தியாகம் கியாகம்னு நினைச்சு உருகாதே. முதல் வருஷம் பிடிவாதத்துல செஞ்சேன். அப்புறம் பழகிப்போச்சு. உன் இருமல் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து அதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். அதுல ஒரு திருப்தி இருந்துச்சுன்னு வெச்சுக்கோ.

ஆனா இப்போ வயசு அம்பத்திரண்டு. அறுத்த வயிறு. டாக்டர் விறகு தூக்காதேங்குறார். முப்பத்தொண்ணாம் தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கு. காகிதம் தலைமாட்டுலதான் வெச்சிருக்கேன்.

கையெழுத்துப் போடவா, வேண்டாமா? அலுவலகத்தை இல்லை, உன்னைக் கேக்குறேன்.

மீத்தா

*

25 ஜனவரி

மீத்தா,

போடு.

முதலில் வேறு கடிதம் எழுதினேன். போகாதே, இடத்தை மாற்றிக்கொள்வோம், நான் வாய்ப்பக்கம் வருகிறேன், நீ வயிற்றுப்பக்கம் போ, இனி நான் மூட்டுகிறேன் என்று மூன்று பக்கம். நன்றாகத்தான் வந்திருந்தது. தபால்பெட்டி வரை கொண்டுபோனேன். அங்கே நின்றபோது புரிந்தது, அதுவும் எனக்காகத்தான் எழுதியிருக்கிறேன். நீ இல்லாமல் இந்த வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்துக்கு நல்ல சட்டை மாட்டி அனுப்பப் பார்த்தேன்.

நீ ஒன்பது வருடம் வரிசையில் நின்றிருக்கிறாய். குழாயைத் திருகினால் சூடு வரும் இடத்துக்குப் போ. யாருக்காகவும் இனி சாம்பல் அள்ள வேண்டாம்.

போகாதே என்று எழுதக் கை துடிக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை. ஆனால் நீ கேட்டதற்கு என் பதில்: போடு.

எவால்ட்

*

ரயிலடிக் குடியிருப்பு, 16 மார்ச்

எவால்ட்,

வந்து ஒரு வாரம் ஆச்சு. பெட்டி, தையல் மெஷின், நாலு தொட்டிச் செடி, எல்லாத்தையும் மூணு மாடி நீயே தூக்கிட்டு வந்து வெச்ச. நெஞ்சு இரைக்குதேன்னு எனக்குப் பதறுச்சு. தண்ணி குடிச்ச, தொப்பியைத் தொட்ட, போயிட்ட. போடான்னு இருந்துச்சு.

இங்க சூடு எப்படி இருக்குன்னு கேளு. கேக்க மாட்டியா? இருபத்தாறு டிகிரி! குழாயைத் திருகினா சூடு வரும்னியே, திருகவே ஒண்ணும் இல்லை. அது பாட்டுக்குக் கொதிக்குது. உள்பாவாடையோட நின்னு ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு ரொட்டி சாப்பிடுறேன். பக்கத்து வீட்டுக்காரி, கீழ் வீட்டுக்காரன், எல்லார் ஜன்னலும் திறந்திருக்கு. மொத்தக் கட்டடமும் தெருவுக்குக் கணப்புப் போடுது.

சந்தோஷமா இருக்கேன். பொய் சொல்லலை. விரல் வெடிப்பு ஆறிப்போச்சு. காலையில எழுந்திருக்கும்போது மூச்சு புகையா வரலை. குளியல்தொட்டியில ஒரு மணி நேரம் கிடந்தேன், யாரும் கதவைத் தட்டலை.

சாயந்திரம் ஆறு மணிதான் என்ன பண்றதுன்னு தெரியலை.

என் ரூமுக்கு யார் வந்தாங்க? அடுப்பு மூட்டத் தெரியுமா? இப்போ நான் கேக்குறேன் பாரு.

மீத்தா

*

30 மார்ச்

மீத்தா,

வந்தது இளம் தம்பதி. யூலோ, மாரெத். மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்று. பெண் குழந்தை, நல்ல தொண்டை, ஆல்டோ அல்ல.

அவர்கள் வருவதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போய் எழுதிக்கொடுத்துவிட்டேன். நான் உன் அறைக்கு மாறிவிட்டேன். என் அறையில் அவர்கள் இருக்கிறார்கள். குழந்தையின் தொட்டில் அந்தச் சுவரோரமாகப் போட்டிருக்கிறது. ஆறு மணிக்கு நான் மூட்டுகிறேன். நீலம் அடங்கும்வரை முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நெஞ்சைப் பற்றிக் கவலைப்படாதே, வடக்கு மூலைக்கு மரப்பலகை அடித்து உள்ளே பஞ்சு திணித்திருக்கிறேன். பதினேழு டிகிரி வருகிறது. பதினோரு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் அந்தப் பலகையை அடிக்க. நான் கேட்கவும் இல்லை, நீ சொல்லவும் இல்லை.

இப்போது நீ சிரிக்கப்போகும் விஷயம். மாரெத் மேல்மாடியில் போய்ச் சொல்லியிருக்கிறாள்: "அந்தக் கிழவர் சரியான ஆளு. நாங்க வர்றதுக்குள்ள நெருப்பு இருக்கிற பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டாரு." லெயோன்தீனே அம்மாள் அதைச் சொல்வதற்கென்றே கீழே இறங்கிவந்தார். நேற்று மாடத்தில் ஒரு சீட்டு இருந்தது. யூலோவின் கையெழுத்து. "ஐயா, சுவர் சரியா சுடலை. இன்னும் ரெண்டு கட்டை போடக் கூடாதா?"

இரண்டு கட்டை போட்டேன். பிறகு மண்டியிட்ட இடத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, மீத்தா. உன் முன்னால் வந்ததில்லை, இப்போது வந்தது.

உனக்கு வேண்டியது வேறு ஒன்று என்று எழுதியிருந்தாய். அது என்ன என்று எனக்குத் தெரியும். அந்த ஜூலையிலேயே தெரியும். அதை எழுத உட்கார்ந்து ஐந்து தாள் ஆயிற்று. எழுதிப் பார்த்தால் வானிலை அறிக்கை போல இருக்கிறது. ஐந்தையும் அடுப்பில் போட்டேன்.

எவால்ட்

*

3 ஏப்ரல்

எவால்ட்,

சீட்டைப் படிச்சுட்டு நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரி சுவத்தைத் தட்டுனா. இங்க சுவரு அட்டை மாதிரி. அப்புறம் நானும் அழுதேன். அதையும் அவ கேட்டிருப்பா.

அந்தப் பிள்ளைங்ககிட்ட ஒண்ணும் சொல்லாதே. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட பேசு, வாயைத் திறந்து பேசு. காய்ச்சல் வந்தா என்ன, பால் பத்தலைன்னா என்ன, கேளு. சீட்டுப் போடுற வீடா அது ஆயிடக் கூடாது.

எழுத வரலைங்குற. எழுத வேண்டாம்ப்பா. பதினோரு வருஷம் எழுதினது போதாதா?

ஞாயிற்றுக்கிழமை வா. பதினோரு மணிக்கு ரயிலடி பஸ் இருக்கு. மூணாவது மாடி, இடது பக்கக் கதவு. பொரிச்ச மீனும் உருளைக்கிழங்கும் பண்றேன். நீ கதவைத் தட்டு. நான் உள்ளேயிருந்து "யாரு?"ன்னு கேப்பேன். நீதான்னு எனக்குத் தெரியும், படியேறும்போதே இருமல் காட்டிக்கொடுத்துடும். ஆனாலும் கேப்பேன். நீ வெளியில நின்னு வாயால சொல்லணும், யாருன்னும், எதுக்கு வந்தேன்னும். சத்தமாச் சொல்லு, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டாலும் பரவாயில்ல.

கதவுக்கடியில சீட்டுத் தள்ளினா திறக்க மாட்டேன்.

மீத்தா